பதினோரு ஆணிகள்

எல்லோரும் அவரை மீட்டர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண் குறித்துக்கொண்டு வந்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆன பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. மழைக்காலத்தில் மீட்டர் குழிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும். மற்றவர்கள் போன மாதத்து எண்ணைப் பார்த்து உத்தேசமாக ஒன்றைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, குவளையால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றி, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் எழுதுவார். "கண்ணால பாக்காத நம்பரை நான் எழுத மாட்டேன்" என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வமும் இருக்கும். மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் கர்வம் இருக்கத்தான் செய்கிறது. அது இவ்வளவு சின்ன விஷயத்தில் இருந்துவிட்டால் ஆண்டவன் பெரிதாகக் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அவர் வீட்டு வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் புயலில் சாய்ந்தது. யார்மேலும் விழவில்லை. தெருவுக்குக் குறுக்கே படுத்துக் கிடந்ததைப் பார்த்தால் களைத்துப்போய்ப் படுத்தது போலத்தான் இருந்தது. நகராட்சி ஆட்கள் வந்து கிளைகளைக் கழித்து, வேர்ப்பக்கம் தரைமட்டத்தில் அறுத்து, அடிமரத்தை மட்டும் சுவரோரமாகப் புரட்டிப் போட்டார்கள். ஏழடி நீளம், நாலரை அடிக் குறுக்களவு. மேஸ்திரி அதை ஒரு தட்டு தட்டிவிட்டு, "இதை இன்னிக்கு அறுக்க முடியாது சார். திங்கக்கிழமை பெரிய மெஷினோட வந்து துண்டு போட்டு அள்ளிட்டுப் போயிடறோம்" என்றார்.

ஜன்னலுக்கு உள்ளிருந்து அவர் மனைவி கேட்டாள். "அடிமரத்தையும் துண்டு போடுவாங்களா?"

"போடுவாங்க" என்றார் மீட்டர்காரர்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. முன்னறை முழுக்கப் பஞ்சும் துணியும்தான்.

அந்த அடிமரத்துக்குள் பதினோரு ஆணிகள் இருந்தன.

அவர்களுக்கு ஒரே பையன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மீட்டர்காரர் அவனை மரத்தில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ஒரு அட்டையை வைத்து, அந்த உயரத்தில் மூன்று அங்குல இரும்பாணி ஒன்றை அடிப்பார். உயரத்தை ஒரு நோட்டிலும் எழுதி வைப்பார். முதல் ஆணி அடிக்கும்போது பையனுக்கு ஒரு வயது. நிற்கத் தெரியாமல் பிடித்து நிறுத்தினார்கள். "மரம் வளந்தா ஆணியும் மேல போயிடுமே, அப்புறம் அளவு தப்பாயிடாதா?" என்று அவன் அம்மா கேட்டாள். "போகாது. மரம் நுனியிலதான் ஏறும். அடிமரம் பருக்கும், அவ்வளவுதான். ஆணி அடிச்ச இடத்துலயே நிக்கும்" என்று இவர் விளக்கினார். அவள் நம்பவில்லை. நாலைந்து வருஷம் தானே டேப் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள். "சரி போங்க. அப்ப இவன் ஏறுவான், ஆணி ஏறாது" என்று சிரித்தாள்.

பதினோராவது ஆணி அடித்து இரண்டு மாதம் கழித்துப் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள். ஐந்தாம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் அவனுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

பதினாலு வருஷம் ஆயிற்று. மரம் பருத்து எல்லா ஆணிகளையும் உள்ளே விழுங்கிவிட்டது. பையனைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. காரியம் முடிந்த மாதமே அவள் அவனுடைய துணிமணிகளை எல்லாம் மடித்து ஒரு விடுதிக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். ஒரு சட்டையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. மீட்டர்காரர் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. 'இவளால எப்படி முடிஞ்சுது' என்கிற ஒரு கசப்பு மனசின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போவார். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதில்லை. திட்டிக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

புதன்கிழமை காலை மீட்டர்காரர் நாலரை அடி நீளத்தில் ஒரு கம்பை நறுக்கிக்கொண்டார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"மரத்தை மில்லுல குடுத்து முழுப் பலகையா அறுத்து, ஒரு மேசை பண்ணலாம்னு பாக்கறேன்."

அவள் கையிலிருந்த ஊசி நின்றது. "ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய மேசை?"

 அவருக்கு, எங்கேயாவது ஒரு இடத்தில் அவளைத் தன்னோடு உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதை எப்படிச் சொல்வது? செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

முதல் மில்லில் ரம்பத்தின் வாய்க்குள் அந்தக் கம்பைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். மூன்றடிக்குமேல் அதில் நுழையாது. மில்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "பெரியவரே, இது மரமா இல்ல வீடா? நாலாப் பொளந்து கொண்டாங்க, அறுத்துத் தர்றேன். ஜன்னல் சட்டத்துக்கு ஆகும்."

"பொளக்கக் கூடாதுங்க. முழுசா வேணும்."

"முழுசா வேணும்னா பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டு அப்படியே உக்காந்துக்குங்க. மில்லு எதுக்கு?"

இரண்டாவது மில்லிலும் அதே கதை. சிரிப்புதான் கொஞ்சம் குறைவு. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பேருந்தில் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அலைந்தார். "கம்பை உள்ள தள்ளுங்க சார், கண்ணைக் குத்திடப் போகுது" என்று நடத்துநர் கத்தினார். மரத்தைத் தூக்க ஒரு கிரேன் வேண்டும் என்று தேடியபோது ஒரு கிரேன்காரர் கிடைத்தார். வாயாடி, ஆனால் நல்ல மனசு. "அண்ணே, நீங்க இப்படி கம்பும் கையுமா திரியறதைப் பாத்தா எனக்கே மனசு கேக்கல. வாங்க, என் வண்டியிலயே ஏறுங்க. எப்படியும் நான்தான் தூக்கப் போறேன், நானே தேடித் தர்றேன்" என்று சனிக்கிழமை கூடவே வந்தார். பெரிய உதவி என்று நினைத்து அவர் செய்யவில்லை. அன்றைக்குச் சும்மாதானே இருக்கிறோம் என்றுதான் செய்தார். உலகத்தில் முக்கால்வாசி உபகாரங்கள் இப்படித்தான், செய்கிறவருக்கே தெரியாமல் நடந்துவிடுகின்றன.

நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய மில். ரம்பத்தின் வாயில் கம்பு தாராளமாக நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிச்சம். மில் முதலாளி மரத்தின் அளவைக் கேட்டுக்கொண்டு, "நாளைக்குக் காலையில கொண்டாந்துடுங்க. ஞாயித்துக்கிழமை வேற மரம் இல்ல" என்றார்.  மீட்டர்காரர் கும்பிட்டுவிட்டு வந்தார்.

கேட் வரைக்கும் வந்தவர் நின்றுவிட்டார்.

"என்னண்ணே, கம்பை மறந்துட்டீங்களா?" என்றார் கிரேன்காரர்.

"இல்ல. மரத்துக்குள்ள ஆணி இருக்கு. அவர்கிட்ட சொல்லல."

"அட, எத்தனை?"

"பதினொண்ணு."

கிரேன்காரர் அவரை ஓரமாக இழுத்தார். "இந்தாங்கண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. அவர் கேட்டாரா? கேக்கல. நீங்க பொய் சொன்னீங்களா? சொல்லல. திங்கக்கிழமை நகராட்சிக்காரன் வந்துடுவான். வாயை மூடிக்கிட்டு வண்டியில ஏறுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல்தான் இருந்தது. மீட்டர்காரர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கம்பை கிரேன்காரர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பிப் போனார்.

மில் முதலாளி கேட்டுவிட்டு, அப்போதே கையை விரித்துவிட்டார். "மன்னிச்சுக்குங்க. ஆணியில பட்டா ரம்பம் அறுந்து சாட்டை மாதிரி வீசும். ஆள் நிக்கற எடம் அது. என்னால முடியாது."

"சரிங்க" என்று இவர் திரும்பினார்.

"நில்லுங்க. இதைச் சொல்லணும்னே உள்ள வந்தீங்களா?"

"ஆமாங்க."

முதலாளி மேசையைத் துழாவி, ஒரு துண்டுக் காகிதத்தில் வழியை வரைந்து கொடுத்தார். "ஆத்தோரமா பழைய மில்லு ஒண்ணு இருக்கு. ஒரு அம்மா நடத்தறாங்க. ஒன்பதுவிரல் அக்கான்னு கேட்டா யாரும் சொல்வாங்க. அங்க மரம் அசையாது, ரம்பம்தான் மரத்துமேல நடக்கும். எவ்வளவு பெருசுன்னாலும் அறுப்பாங்க. ஆணின்னா அவங்களும் பயப்படுவாங்க. ஆனா என்னைவிட பொறுமைசாலி."

ஞாயிற்றுக்கிழமை காலை கிரேன் மரத்தைத் தூக்கி லாரியில் வைத்தபோது மீட்டர்காரரின் மனைவி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது. அவள் ஏதோ சொல்ல வாய் திறந்தது போலிருந்தது. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இவரும் என்னவென்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் விட்டுப்போய் வெகுநாளாயிற்று.

ஆற்றோரத்து மில் ஒரு தகரக் கொட்டகை. தரையில் இரண்டு தண்டவாளங்கள். அவற்றின்மேல் ஆளுயரச் சட்டம் ஒன்றில் நீளமான ரம்பம் படுக்கைவாட்டில் கட்டியிருந்தது. மரத்தை நடுவில் கிடத்திவிட்டு, சட்டத்தைத் தள்ளிக்கொண்டே போனால் ரம்பம் மரத்தை அறுத்துக்கொண்டு போகும். ஒன்பதுவிரல் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு; கண்ணிமையெல்லாம் மரத்தூள். இடது கையில் சுண்டுவிரல் இல்லை.

"ஆணியா?" என்று அவள் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். "இதை வாங்கிட்டுப் போனதும் ஒரு ஆணிதாண்ணே. மரத்தைக் கொண்டாந்தவன் 'சுத்தமான மரம்'னு சொன்னான். என்னத்துக்கு மரத்துல இத்தனை ஆணி? துணி காயப் போட்டீங்களா?"

மீட்டர்காரர் சொன்னார். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக, வெளியாள் ஒருத்தியிடம், கொட்டகை நடுவில் நின்றுகொண்டு சொன்னார். அட்டையை வைத்து அளந்ததையும், பையன் கள்ளத்தனமாகக் குதிகாலைத் தூக்குவான் என்பதையும் சொன்னார். கிரேன்காரர் திரும்பி நின்றுகொண்டு வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

ஒன்பதுவிரல் அக்கா கொஞ்ச நேரம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "எல்லா ஆணியும் ஒரே வரிசையா?"

"ஒரே வரிசைம்மா. வீட்டுப் பக்கம் பாத்த முகத்துல, தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேரா இருக்கும். நோட்டுல உயரமும் இருக்கு."

"அப்ப ஒரு வழி இருக்கு. ஆணி வரிசை பக்கவாட்டுல வர்ற மாதிரி மரத்தைப் புரட்டிக்குவோம். அந்த வரிசைக்கு மேல ரெண்டு அங்குலம் விட்டு ஒரு அறுப்பு, கீழ ரெண்டு அங்குலம் விட்டு ஒரு அறுப்பு. நடுவுல நாலு அங்குலத்துல முழுப் பலகை. ஆணி எல்லாம் பலகைக்கு உள்ளயே இருந்துக்கும். ரம்பம் அதுங்களைத் தொடாது."

"வெளிய தெரியாதா?"

"தெரியாது. உள்ள இருக்கும்."

 மீட்டர்காரர் தலையை ஆட்டினார்.

மரத்தைப் புரட்ட ஒரு மணி நேரமாயிற்று. மீட்டர்காரர் நோட்டைப் பிரித்து, தரைமட்டத்தில் அறுத்த முனையிலிருந்து டேப் போட்டு, பதினோரு இடத்திலும் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார். ஒன்பதுவிரல் அக்கா அந்தப் புள்ளிகளை நூலால் கோத்ததுபோல ஒரு கோடு இழுத்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பதினொண்ணுதானே? வேற கொக்கி, கம்பி, ஏதாவது?"

"பதினொண்ணு. என் கையால அடிச்சது. அதுக்கு மேல ஒண்ணு கிடையாது."

"உங்க வார்த்தையை நம்பித்தான் ரம்பத்தை விடறேன்."

"நம்புங்க. நான் பாக்காத நம்பரைச் சொல்ற ஆள் இல்ல."

ரம்பம் மரத்தின் தலைப்பக்கத்திலிருந்து நுழைந்தது. பச்சை மரத்தின் ஈர வாசனை கொட்டகை முழுக்க எழுந்தது. பழுப்பும் கறுப்புமாகத் தூள் கொட்டியது. ஒரு அடி போயிற்று. ஒன்றேகால் அடி. அடுத்த நொடி கிறீச்சென்று ஒரு சத்தம். பல்லில் கூசுகிற சத்தம். தீப்பொறி பறந்தது. ரம்பத்தின் பல் ஒன்று தெறித்து, தகரத் தடுப்பில் 'டங்'கென்று அடித்தது. ஒன்பதுவிரல் அக்கா ஒரே உதையில் மெஷினை நிறுத்திவிட்டாள்.

 ரம்பம் சுழன்று ஓய்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் மீட்டர்காரர் தாங்கிக்கொண்டிருப்பார். "அண்ணே, என் கையைப் பாத்துட்டுத்தானே சொன்னீங்க" என்று மட்டும் கேட்டாள்.

"அம்மா... இல்லம்மா. என் பையன் மேல ஆணை. இருக்க முடியாது. கடைசி ஆணி நாலடி ஏழரை அங்குலம். இது அதுக்கு ரொம்ப மேல."

அவள் உளியை எடுத்து அறுப்பு விழுந்த ஓரத்தைச் செதுக்கினாள். மூன்று அங்குல ஆழத்தில் மஞ்சளாக எதுவோ பளபளத்தது. நெம்பி எடுத்து உள்ளங்கையில் போட்டாள். ஒரு ஆணி. அதன் கூர் முறிந்திருந்தது. தலை மட்டும் முழுசாக, குமிழ் போல, பித்தளையில்.

"இது மரத்துல அடிக்கிற ஆணியே இல்லையே. சோபா ஓரத்துல வரிசையா அடிப்பாங்களே, அந்தக் குமிழாணி" என்றாள். "இதை யார் கொண்டுபோய் மரத்துல அடிச்சாங்க?"

மீட்டர்காரர் அதைக் கையில் வாங்கினார். அந்தக் குமிழாணிகளை அவருக்கு நன்றாகத் தெரியும். முன்னறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய இருக்கும். ராத்திரி தடுக்கி மிதித்து எத்தனையோ தடவை காலைக் குத்திக்கொண்டிருக்கிறார்.

அவர் டேப்பை எடுத்து மரத்தின் அடிமுனையிலிருந்து அந்த இடம்வரை அளந்தார். ஐந்தடி எட்டு அங்குலம். இன்னொரு தரமும் அளந்தார். அதே ஐந்தடி எட்டு. டேப் அவர் கையிலிருந்து சுருண்டு உள்ளே ஓடிப்போயிற்று.

அங்கேயே ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்து, வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எடுத்தாள்.

"நான்தான். மில்லுல இருந்து பேசறேன்."

"சொல்லுங்க."

"எத்தனை அடிச்சே?"

 போன் அறுந்துவிட்டதோ என்று அவர் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு அவள் குரல் வந்தது.

"ஏழு."

"ஏழா..."

"வருஷத்துக்கு ஒண்ணு. அவன் பொறந்தநாளுக்கு. நீங்க வேலைக்குப் போனப்புறம் அடிப்பேன். உங்க ஆணிக்கு இடது பக்கமா மூணு விரல் தள்ளி. நீங்க பாத்துடுவீங்களோன்னு அதுமேல கொஞ்சம் மண்ணைப் பூசி வெப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "காலையில வண்டி கிளம்பறப்ப சொல்லலாம்னு பாத்தேன். வாய் வரல. யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

"இல்ல. ரம்பம்தான் போச்சு." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "உயரம் எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"நீங்க காலையில அந்த மரத்துல சாஞ்சு நின்னு பேப்பர் படிப்பீங்க இல்ல. அதை வெச்சுத்தான். பன்னெண்டுல உங்க தோளுக்குக் கொஞ்சம் மேல இருந்தான். பதினாலுல காது. பதினாறுல நெத்தி." மறுபடியும் நிறுத்தினாள். "பதினெட்டுல உங்களைத் தாண்டிட்டான். ஒரு விரல்."

மீட்டர்காரருடைய உயரம் ஐந்தடி ஏழு.

அவர் மறுகையால் முகத்தை மூடிக்கொண்டார். "அப்புறம் ஏன் நிறுத்திட்டே?" என்று கேட்டார்.

"பதினெட்டுக்கு மேல ஆம்பளைப் பசங்க வளர மாட்டாங்கன்னு சொன்னாங்க."

ஒன்பதுவிரல் அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் நின்றாள். உளியைத் துண்டில் துடைத்தபடி, மெதுவாக, "அண்ணி கிட்ட ஒண்ணு கேளுங்க. ஏழும் ஒரே வரிசைதானா? மூணு விரலுக்கு மேல விலகிப் போகலையே?" என்றாள்.

அவர் கேட்டார். "எல்லாம் ஒரே வரிசை. டேப் வெச்சுத்தான் அடிச்சேன். ஏழுக்கு மேல ஒண்ணு இல்லன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் மனைவி.

"ஏழாம்மா. மேல ஒண்ணு இல்லையாம்." சொல்லிவிட்டு மீட்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இதே வார்த்தையை நானும் சொன்னேன். இதை நம்புங்கன்னு உங்களைக் கேக்க எனக்கு வாய் இல்ல. ரம்பத்துக்கு நான்..."

"அதை விடுங்க. பல்லு கட்டினா மறுபடி வெட்டும்." அவள் கொட்டகையின் மூலைக்குப் போய், சுருட்டித் தொங்கவிட்டிருந்த வேறொரு ரம்பத்தை இறக்கினாள். "நாலு அங்குலம் வேணாம். மேல மூணு ஏத்திக்கறேன், ஏழு அங்குலமா வரட்டும். ரெண்டு வரிசையும் ஒரே பலகைக்குள்ள இருக்கட்டும். அப்பா அடிச்சதையும் அம்மா அடிச்சதையும் பிரிச்சா நல்லாவா இருக்கும்?"

ரம்பம் மாட்டிய பிறகும் அவள் திருகை மூன்று தடவை இறுக்கிப் பார்த்ததை கிரேன்காரர் கவனித்தார். பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடுதான் அந்த உபகாரத்தைச் செய்தாள். மெஷினைப் போடுமுன் இரண்டு ஆண்களையும் தடுப்புக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, தான் மட்டும் ரம்பத்தோடு நடந்தாள். மீட்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அன்றைக்கு வேண்டிக்கொண்டது மேசைக்காக அல்ல, அந்தக் கைக்காக.

ரம்பம் ஏழடியும் நடந்து, மறுமுனையில் வெளியே வந்தது. ஒரு சத்தமும் இல்லை.

சாயங்காலம் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழடி நீளம், நாலரை அடி அகலம். தலைப்பக்கத்தில் மட்டும், முதலில் நின்றுபோன அறுப்பு ஒன்றேகால் அடி நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. கிளம்பும்போதே ஒன்பதுவிரல் அக்கா சொல்லியிருந்தாள். "இது பச்சை மரம். அங்குலத்துக்கு ஒரு வருஷம்னு காயணும். ஏழு வருஷத்துக்கு முன்னாடி உளி வெச்சீங்கன்னா பொளந்துக்கும். நிழல்ல வெச்சு, மேல ஒரு தகரம் போட்டுடுங்க."

ஏழு வருஷம். மீட்டர்காரருக்கு இப்போது அறுபத்திரண்டு. கிரேன்காரரும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, "அதெல்லாம் இருப்பீங்கண்ணே. மேசை விருந்துக்கு என்னைக் கூப்பிட மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, செங்கற்களை அடுக்கி, மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே பலகையை இறக்கி வைத்தார். இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவி வெளியே வந்தாள். பலகையைச் சுற்றி வந்து, ஆணி வரிசை இருந்த ஓரத்தில் குனிந்து தடவிப் பார்த்தாள். வெறும் மரம்தான் கையில் பட்டது.

"வெளிய தெரியாது. உள்ள இருக்கு" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து முறிந்த குமிழாணியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க நம்பருல பொய்யெழுத மாட்டீங்க. இது பொய் நம்பர்தானே. என்னைப் பைத்தியம்னு நினைச்சுப்பீங்கன்னு பயந்தேன்."

"நான் உன்னைக் கல்லுன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார் மீட்டர்காரர். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. "துணியெல்லாம் குடுத்துட்டியேன்னு."

அவள் கையைப் பிரித்து ஆணியை ஒருதரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். "துணியெல்லாம் அந்த அளவுலயே நின்னுபோச்சுங்க. பெட்டியைத் திறந்தா அதே சின்னச் சட்டை, அதே சின்ன டவுசர். பாக்க முடியல. மரத்துலதான் அவன் வளந்தான்."

உள்ளே போனவள் இரண்டு தட்டுகளோடு வந்தாள். பலகைமேல் ஒரு பழைய துணியை விரித்து, தட்டுகளை வைத்து, மெத்தை தைக்க உட்காரும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். பலகையின் உயரம் சாப்பிடத் தோதாக இல்லை. இருவரும் குனிந்து சாப்பிட வேண்டியிருந்தது. சாப்பாட்டில் மரத்தூள் வாசனை ஏறியிருந்தது. பாதியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அதைப் பதினாலு வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கலாம் என்று மட்டும் தெரிந்தது.

கை கழுவிவிட்டு வந்து நோட்டை எடுத்தார். ஒன்றிலிருந்து பதினொன்று வரை அவருடைய நெருக்கமான கையெழுத்து. அதற்குக் கீழே பக்கம் காலியாக இருந்தது. பேனாவைத் திறந்து, அந்தக் காலி இடத்தில் பன்னிரண்டு என்று போட்டார்.

"சொல்லு" என்றார்.

"நீங்க பாக்காததை எழுத மாட்டீங்களே."

"நீ பாத்தே இல்ல. சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலடி ஒன்பதரை" என்றாள். அவர் எழுதினார். "பதிமூணு?" என்றார். அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக, பதினெட்டு வரைக்கும் எழுதிக்கொண்டு போனார்.